போர்வெல் இரும்பும் ஆர்.ஓ. மெம்பிரேனும்: ஆறு ஆண்டு அனுபவம்

பாறசாலையில் எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர், குழாயில் பிடிக்கும்போது கண்ணாடிபோல இருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆர்.ஓ. கருவி வாங்கியபோது, கடைக்காரர் மீட்டரை முக்கி, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 120 என்று காட்டி, மெம்பிரேன், அதாவது உள்ளே தண்ணீரை வடிக்கும் சவ்வுச் சுருள், மூன்று ஆண்டு உழைக்கும் என்றார். ஏழாவது மாதத்தில் ஒரு குடம் நிறைய அரை நாள் ஆனது. புதிதாகப் போட்டதும் ஒன்பதே மாதத்தில் அடைத்துக்கொண்டது.

கழற்றிப் பார்த்தால் சுருளின் முகப்பெல்லாம் காவிச் சேறு. முன்னால் இருந்த 5 மைக்ரான் வடிகட்டி இதை ஏன் தடுக்கவில்லை? விடை வாளியில் கிடைத்தது. இரவில் தெளிவாகப் பிடித்துவைத்த தண்ணீர் காலையில் மஞ்சளித்து, அடியில் செம்படிவோடு நின்றது. நிலத்தடியில் காற்றுப் படாத இரும்பு உப்பைப்போலக் கரைந்தே கிடக்கிறது. வடிகட்டியின் கண்களுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். ஆக்சிஜன் பட்ட பிறகுதான் துருவாகத் திரளும். மெம்பிரேன் தண்ணீரை மட்டும் விட்டு இரும்பை நிறுத்திக்கொள்வதால் அங்கே செறிவும் கூடுகிறது. துரு அதன்மேலேயே படிந்துவிட்டது.

பரிசோதனையில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் இரும்பு, பி.எச். 6.1, அதாவது சற்று அமிலத் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தரநிலை 1 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறது. காற்றுப்பட்ட தண்ணீரில் மெம்பிரேனுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 0.05. இரும்பை டிடிஎஸ் மீட்டர் தனியாகக் காட்டாது. அடைத்த மெம்பிரேனைச் சிட்ரிக் அமிலத்தால் கழுவியதில் வேகம் பாதிதான் திரும்பியது.

அம்மா கிணற்று வெள்ளத்தை இரவே வாயகன்ற பானையில் ஊற்றிவைத்து, காலையில் மேல்தெளிவை மட்டும் மொள்ளுவார். கடைசியில் நானும் அதைத்தான் செய்தேன். மாடித் தொட்டியில் ஷவர் பொருத்தி, தண்ணீரைக் காற்றில் சிதறி விழவைத்தேன். எங்கள் வெட்டுக்கல் நிலத்து அமிலத் தண்ணீரில் இரும்பு மெதுவாகத்தான் துருவாகும் என்பதால் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் சில்லுகளின் வழியாக விட்டு, ஓர் இரவு தெளியவைத்து, மணல் வடிகட்டிக்கு அனுப்புகிறேன். வாரம் ஒருமுறை மணலைத் தலைகீழ் ஓட்டத்தில் கழுவியாக வேண்டும். இரண்டு வாரம் தவறினால் குழாயில் வேகம் குறைவது தெரிந்துவிடும். பிளீச்சிங் பவுடர் இரும்பை விரைவாகத் திரட்டும். ஆனால் மிச்சக் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும், இரும்பு கூட இருந்தால் இன்னும் மோசம். அதனால் நான் போடவில்லை.

மூன்றாவது மெம்பிரேன் நான்கு ஆண்டைத் தாண்டி ஓடுகிறது. இன்று புதிதாக வாங்குவதென்றால், 120 டிடிஎஸ் தண்ணீருக்கு ஆர்.ஓ.வே வாங்கமாட்டேன், இந்த மணல் தொட்டியும் கிருமிக்கு ஒரு யு.வி. (புற ஊதா) விளக்கும் எங்கள் வீட்டுக்குப் போதும்.