ஃபெனொலார் சிற்றாலயம்: உள்ளே போனால்தான் அருமை தெரியும்

தெற்கு பிரான்சில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், மோரெய்யாஸ் ஊரைச் சேர்ந்தது சான் மார்த்தின் த ஃபெனொலார் என்ற சிற்றாலயம். வெளியே ஒற்றைக் கூடமும் கரடுமுரடான கற்சுவரும்தான். காரைத் திருப்பிவிடாதீர்கள். 844-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் பெயர் இருக்கிறது.

பொக்கிஷம் பலிபீட அறையில் இருக்கிறது: 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். வளைகூரையில் அரியணையில் கிறிஸ்து. அதற்குக் கீழே பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் 24 மூப்பர்கள், கையில் இசைக்கருவியும் கிண்ணமும். அடுத்த வரிசையில் மரியாளுக்கு வானதூதர் சொன்ன செய்தி, கிறிஸ்து பிறப்பு, ஞானிகளின் வணக்கம். பிறப்புக் காட்சியில் மரியாள் படுக்கையில் இருக்கிறார். சிவப்பும் மஞ்சளும் ஓங்கிய சில நிறங்கள், தடித்த கறுப்புக் கோடுகள். இவ்வளவு குறைவான சரக்கில் இத்தனை வேகமா என்று மலைக்க வைக்கிறது.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தீட்டிய நிறம், பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகும்போது அதனோடு ஒன்றிவிடும். காய்ந்த பிறகு மேலே தீட்டியதுதான் முதலில் உதிரும். இத்தகைய சுவர்களுக்கு எமன் தரையிலிருந்து ஏறும் ஈரம். அதில் கரைந்து வரும் உப்பு படிகமாகி ஓவியத்தைப் பின்னாலிருந்து தள்ளும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். இப்படித் தளர்ந்த ஓவியம் எளிதில் உதிரும், எனவே சுவரில் சாயாதீர்கள், தொடாதீர்கள். ஃப்ளாஷும் வேண்டாம்.

திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், விசாரித்துவிட்டுப் போங்கள். 1911-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் வேலை செய்த செரே என்ற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.