மாலே உள்ளூர்ச் சந்தை: வாங்குபவரின் பார்வையில்

மாலத்தீவின் தலைநகரான மாலேயில் ஆசிரியராகப் பணியாற்றிய இரண்டு ஆண்டுகளும் வாரம் ஒருமுறையாவது நான் காய்கறி வாங்கச் சென்ற இடம், வடகரையில் மீன் சந்தையிலிருந்து சில எட்டில் இருக்கும் உள்ளூர்ச் சந்தை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அந்தச் சந்தையை நான் பிறரைப் போலப் பார்த்ததில்லை. கரையில் கட்டியிருக்கும் படகை அவர்களும் எங்கள் 'தோணி'யைப் போலவே 'தோனி' என்று அழைக்கிறார்கள். உள்ளே அடுக்கியிருக்கும் வெங்காய மூட்டைகளில் பல, எங்கள் ஊர்த் துறைமுகத்தைக் கடந்து வந்தவை.

கூரையிலிருந்து தொங்கும் கயிறுகளில் வாழைத்தார்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். கேட்ட அளவுக்குச் சீப்பை அறுத்துத் தருவார்கள். பெயர் உள்ளூர்ச் சந்தை என்றாலும், உள்ளூர்ப் பொருள் எது, கடல் கடந்து வந்தது எது என்று தெரிந்து வாங்குவதே இங்கே முதல் பாடம். தொட்டூ தீவின் தர்ப்பூசணியும் பப்பாளியும், ஃபுவாமுலா தீவின் சேப்பங்கிழங்கும், 'கிதேயோ மிருஸ்' எனப்படும் மணமும் காரமும் மிகுந்த மிளகாயும், சூரை மீனை நெடுநேரம் காய்ச்சி இறக்கும் ரிஹாகுருவும் அந்நாட்டுக்கே உரியவை. இவற்றின் தரத்தில் நான் ஒருமுறையும் குறை கண்டதில்லை. தொட்டூ பப்பாளியை வெட்டிய அன்றே சாப்பிட்டவர்களுக்கு வேறு பப்பாளி பிடிப்பது கடினம்.

ஆனால் அன்றாடச் சமையலுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், முட்டை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றன. அந்நாட்டின் காலை உணவான மாஸ் ஹுனியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சூரை மீனும் துருவிய தேங்காயும் அவர்களுடையவை. அதில் நறுக்கிப் போடும் வெங்காயமும், அதோடு வைக்கும், சப்பாத்தி போன்ற ரொஷியின் கோதுமை மாவும் கப்பலில் வந்தவை. பவளப்பாறை பொடிந்த மெல்லிய மணலில் நெல்லும் கோதுமையும் விளையா. இது இன்று நேற்றைய நிலையும் அன்று. 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூதா, தீவினர் சோழிகளைக் கொடுத்து வங்காளத்தவரிடம் அரிசி வாங்கியதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் வரத்து குறைந்து தீவுகளில் பஞ்சம் நிலவியது. முதியவர்கள் அரிசி மூட்டையை இன்றும் பார்க்கும் விதத்தில் அந்த நினைவு தெரியும்.

சந்தையைப் பற்றி மட்டும் எழுதாமல் சரக்கு வரும் வழியையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே விலை எப்படி இருக்கும் என்பதைக் கடைக்காரரைவிட அந்த வழியே அதிகம் தீர்மானிக்கிறது. 1981ஆம் ஆண்டின் வணிக உடன்பாட்டின்படி, இந்தியா ஆண்டுதோறும் சில அத்தியாவசியப் பொருள்களுக்கு ஓர் அளவை ஒதுக்கி, உள்நாட்டில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் அந்த அளவுக்கு மாலத்தீவுக்கு அனுப்ப இசைவு தருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டவை: 42,75,36,904 முட்டைகள், 1,24,218 டன் அரிசி, 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு, கோதுமை மாவும் சர்க்கரையும் பருப்பும் தனி. கட்டுமானத்துக்கான ஆற்றுமணலும் ஜல்லியும்கூடத் தலா 10 லட்சம் டன் என்று அதே பட்டியலில் இடம்பெற்றன. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 5,15,132 பேர். முட்டையை மட்டும் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 830 வரும். ஒதுக்கீடு என்பது உச்ச வரம்புதான், ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகளும் அதில் உண்கிறார்கள் என்றாலும், இவ்வளவு சிறிய நாடு ஓர் அண்டை நாட்டை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது புரிந்துவிடும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது, மாலத்தீவுக்கு இந்த ஒதுக்கீடு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் உணர்ந்தேன். ஒரே நாட்டை நம்பியிருப்பதைக் குறைக்க, துருக்கியிலிருந்தும் உணவுப்பொருள் வாங்கப்போவதாக 2024 தொடக்கத்தில் மாலத்தீவின் குடியரசுத் தலைவர் முய்சு அறிவித்தார். அந்த விருப்பம் நியாயமானதே. ஆனால் அழுகும் சரக்கைப் பொறுத்தவரை பக்கத்துக் கரைக்கு ஈடு வேறில்லை என்பது என் கருத்து.

அரிசி, மாவு, சர்க்கரை ஆகியவற்றை இந்தச் சந்தையில் வாங்க வேண்டாம். 1964இல் தொடங்கிய அரசு வாணிப நிறுவனமான எஸ்டிஓ அவற்றை மானிய விலையில் விற்கிறது. காய்கறிக்கும் பழத்துக்கும் சந்தையே சிறந்தது. நான் குடியிருந்த சந்திலிருந்த ஒரு மளிகைக் கடையில் வலைப்பையோடு 5 கிலோ உருளைக்கிழங்கு வாங்கி, வீட்டில் பிரித்தபோது பாதி அழுகியிருந்தது. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்க்கவிடும் உள்ளூர்ச் சந்தைக்கே போனேன். அங்குள்ளவர்கள் முகம் சுளிக்காமல் பொறுக்கவிடுவார்கள். நான்கு வாரம் சென்றால் நல்ல கிழங்கை அவர்களே ஒதுக்கி வைப்பார்கள்.

குறை என்று சொல்வதானால், பல கடைகளில் விலைப்பலகை இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதற்கு அவர்களை மட்டும் குறைகூற முடியாது. அந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ வரம்பு. அந்த விலைக்கு டாலர் கிடைக்காத இறக்குமதியாளர் வெளியில் கூடுதல் கொடுத்து வாங்கும்போது, அந்தச் சுமை தக்காளியின் மேல் வந்து இறங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் தூத்துக்குடித் தோணிகளும் ஓடா. அப்போது கீரையும் பச்சைமிளகாயும் வாடிய நிலையில்தான் கிடைக்கும், விலையும் கூடும்.

முதன்முறை செல்பவர்கள் துணிப்பை எடுத்துச் செல்லவும். பிளாஸ்டிக் பைக்குத் தனியே காசு உண்டு. வெள்ளிக்கிழமை முற்பகலில் கடைகள் மூடியிருக்கும். சரக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையில் போனால் முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். எந்தச் சரக்கு எந்த நாளில் இறங்கியது என்பதைக் கடைக்காரர்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். ஊருக்குத் திரும்பும்போது அங்கே விற்கும் மாசியை, அதாவது உலர்த்திய சூரை மீனை, வாங்கி வாருங்கள். தட்டினால் கட்டைபோல ஒலிக்கும் துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் இன்னும் ஈரம் காயவில்லை என்று பொருள்.