நான்கு வருடம், மூன்று ஊசி

இன்று நண்பன் ஒருவன் கேட்டான்: "ஒன்றரைக் கிலோ மாட்டுக்கறி முழுத்துண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரிக்குச் சுலபமாக என்ன செய்யலாம்? கறியின் உள்சூட்டை அளக்க நீ வைத்திருக்கிற அந்த மீட்டரை வாங்கிவிடட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. இன்று காலையில்தான் அதற்கு மூன்றாவது ஊசியை மாட்டியிருந்தேன். கீழே இருப்பதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் அதுதான் காரணம்.

பொருள் தெரிந்ததுதான். எஃகு ஊசி கறிக்குள் போகும். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஓவன் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியில் சேரும். நாம் வைத்த எண் வந்ததும் பெட்டி கத்தும். நான்கு வருடத்தில் பெட்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஊசியும் ஒயரும் சேரும் அந்த மூட்டு இருக்கிறதே, அதுதான் என் விரோதி.

தண்ணீர் பட்டால் மூட்டு போய்விடும். கறிச்சாறு வழியும் பொருளைச் செய்துவிட்டு, கழுவக் கூடாது என்று பொடி எழுத்தில் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். நான் தட்டுகளோடு சேர்த்துக் குழாயடியில் கழுவினேன். அடுத்த முறை விருந்தாளிகள் வந்திருந்தபோது நாற்பதே நிமிடத்தில் 54 டிகிரி என்று கத்தியது. நம்பி வெளியே எடுத்து வெட்டினால் நடுவில் வேகவே இல்லை. இந்த ஊசிகளுக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்ன உறுப்பு. ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்து, தடை குறைந்ததுபோல் ஆகிவிடும். பெட்டியும் சூடு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பொய் சொல்வதென்றால் குறைத்தாவது சொல்லித் தொலைக்கலாம். கறி கொஞ்சம் அதிகமாக வெந்திருக்கும், அவ்வளவுதானே? கூட்டித்தான் சொல்லும்.

சரி, பிறகு ஏன் தூக்கி எறியவில்லை? தொடைக்கறிக்காக. கொழுப்பு குறைந்த முழுத்துண்டு. முன்பெல்லாம் கிலோவுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு வேகவைப்பேன். பாதி நாள் கட்டை, பாதி நாள் பச்சை. கிலோவைவிடத் தடிமன்தான் முக்கியம் என்பது ஊசி வந்த பிறகுதான் புரிந்தது. அதே எடையில் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் துண்டு வெகு சீக்கிரம் முடிந்துவிடும்.

இப்போது செய்வது இதுதான். முதல் நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். உப்பு உள்ளே இறங்கும், மேல் பக்கம் உலரும். மறுநாள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பரப்பிய தட்டின் மேல் துண்டை வைத்து, ஊசியை அதன் நடு மையத்தில் நிறுத்தி, ஓவனை 120 டிகிரியில் விடுவேன். 52 வந்ததும் எடுத்து, வாணலியில் நன்றாகப் புகைய விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டுவேன். இப்படிச் சிவக்க வைப்பது சாற்றை உள்ளே பூட்டும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற வேதியியலாளர் கிளப்பிவிட்ட கதை. எதையும் பூட்டாது, ருசிக்காகத்தான் செய்கிறோம். அப்புறம் கால் மணி நேரம் ஆற விட்டால் உள்ளே ரோஜா நிறம். தட்டில் வழியும் சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று என் மகள் முகம் சுளிப்பாள். அது மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர்தான்.

வெளியே எடுத்த பிறகும் எண் ஏறிக்கொண்டே போவதை முதல் தடவை பார்த்தபோது வாய் பிளந்து நின்றேன். மெதுவான ஓவனில் இரண்டு மூன்று டிகிரி, 200-இல் சுட்டால் ஐந்துக்கும் மேல். என் பழைய கறிகள் எல்லாம் மேசையில் இருந்தபடியேதான் கட்டையாகியிருக்கின்றன! அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டுக்குச் சொல்வது 63 டிகிரியும், அதன் பிறகு மூன்று நிமிடம் ஆற விடுவதும். கர்ப்பிணிகளோ உடல்நலம் குன்றியவர்களோ சாப்பிட உட்கார்ந்தால் நானும் அதற்குக் கீழே போவதில்லை.

ஆனால் பெட்டியில் 'மாட்டுக்கறி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை வைத்தவர் நெஞ்சுக்கறியைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். அதை நம்பி நெஞ்சுக்கறியை 71-இல், 'நன்கு வெந்தது' என்று எடுத்தேன். செருப்பு. நெஞ்சு, தோள், கால் இவற்றில் இருக்கும் இணைப்புத் திசு கரைந்து கூழாக வேண்டும். அதற்கு 90-ஐத் தாண்டியும் பொறுமையாக நேரம் கொடுக்க வேண்டும்.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாக 93 வைத்துவிட்டு, மூடாமல் உள்ளே தள்ளினேன். 70-ஐ ஒட்டி எண் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் அசையவே இல்லை. மறுபடி ஊசி போய்விட்டது என்று வெளியே உருவி, சரிபார்க்கக் கொதிநீரில் மூட்டு வரைக்கும் முக்கினேன். 100 என்று சரியாகத்தான் காட்டியது. அதன் பிறகுதான் செத்தது. கறியின் மேலிருந்து ஈரம் ஆவியாகி, ஏறும் சூட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது, நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வதுபோல. துண்டை இறுக்கமாகத் தாளில் சுற்றியிருந்தால் எண் தாண்டிப் போயிருக்கும். ஒழுங்காக இருந்த ஊசியைச் சந்தேகப்பட்டே கொன்றேன். அதற்கும் அந்த மூட்டைத்தான் குற்றம் சொல்வேன், அது முதலில் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? சோதிப்பதென்றால் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் முனையை மட்டும் வைத்தால் போதும், பூஜ்யம் காட்ட வேண்டும்.

மிஞ்சிய கறிக்கு மீட்டர் தேவையே இல்லை. நாருக்குக் குறுக்கே காகிதம் போல வெட்டி, கடுகு விழுது தடவிய ரொட்டிக்குள் குளிர்ந்தபடியே வைப்பேன். சூடாக வேண்டுமென்றால் வெங்காயத்தை வதக்கி, அடுப்பை அணைத்த பிறகு துண்டுகளைப் போட்டுப் புரட்டினால் போதும்.

ஆக, நண்பனுக்குப் பதில். உன்னிடம் இருப்பது நெஞ்சோ தோளோ என்றால் கனமான மூடிப் பாத்திரத்தில் வெங்காயம், கேரட், பாதி முங்கும் அளவு தண்ணீர் விட்டு 150 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் விடு. முள்கரண்டி குத்திச் சுழற்றினால் தானாகப் பிரியும், அதற்குப் பெட்டி எதற்கு? தொடைக்கறி என்றால் மீட்டர் இல்லாமல் தொடாதே. ஆனாலும் இந்த மாதிரியை வாங்காதே. இரண்டு வருடத்துக்கு ஒரு மூட்டுக்குக் கருமாதி செய்யும் பொருளை இன்னொருவனுக்குச் சிபாரிசு பண்ண எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரிக்கு என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் திரும்ப வேண்டும், தொடைக்கறி வாங்கி வைத்திருக்கிறேன். கழுவாதே, ஈரத் துணியால் ஊசியை மட்டும் துடை.