அறுபதைத் தாண்டி எக்ஸ்பல்ஸ் 200: 21,000 கி.மீ. ஓட்டியபின்

எனக்கு வயது 63. வீடு மதுரை திருநகர். 2020இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 2022 கடைசியில் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி (நாலு வால்வு) பைக்குக்கு மாறினேன். "பெரிய வண்டியைக் குடுத்துட்டு சின்ன வண்டியா? என்னண்ணே, கையைக் கடிச்சிருச்சா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். கையில்லப்பா, முட்டி.

மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிட்டாபட்டி கண்மாய்க்கரையில் படம் எடுக்க வண்டியை நிறுத்தினேன். இடது காலை ஊன்றிய இடத்தில் பள்ளம். கால் தரையைத் தேடுவதற்குள் வண்டி பாதி சாய்ந்துவிட்டது. 199 கிலோவைத் தொடையால் தாங்கி நிறுத்துகிற வயது எப்போதோ போய்விட்டது, மெல்லப் படுக்கவிட்டேன். இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரைமணி கழித்து ஆடு மேய்க்க வந்த இரண்டு பேர்தான் தூக்கிவிட்டார்கள். "பெரியவரே, தனியாவா வந்தீங்க?" என்றார் ஒருவர். வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஓடும்போது அந்த எடை தெரியவே தெரியாது, நாலுவழிச் சாலையில் அதுவே நிதானம். நின்றபிறகுதான் கனக்கும்.

எக்ஸ்பல்ஸ் 158 கிலோ. 41 கிலோ வித்தியாசம் என்பது, நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்றும் பத்துக் கிலோ அரிசிப் பையும் சேர்ந்த மாதிரி. இதை நான் தினமும் உணர்கிற இடம் மலையோ காடோ அல்ல, என் வீட்டு வாசல். ரோட்டின் மேல் ரோடு போட்டு எங்கள் தெரு உயர்ந்துகொண்டே போனதில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. காலையில் வண்டியை மேட்டில் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். முன்பு அதற்கே எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவேன். வாங்க நினைப்பவர்கள் ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு விடாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்று, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள்.

எடை குறைந்தால் உயரமும் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். ஹிமாலயன் சீட் 800 மி.மீ., இது 825. ஐந்தடி ஆறங்குலம் இருக்கும் எனக்கு இரண்டு பக்கமும் நுனிக்கால்தான் படும். அதனால் சிக்னலில் பாதி உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் முழுதாக ஊன்றிக்கொள்வேன். எந்தக் கால் என்பதை நிற்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், மேடான பக்கத்துக் கால். ஏறுவதற்கு முதல் மாதம் பட்ட பாடு தனி. பின்னால் மாட்டியிருந்த பெட்டியில் கால் இடித்து இடித்து, கடைசியில் பெட்டியையே கழற்றிவிட்டேன்.

விழுந்தால் தூக்குவதற்கு வீட்டு முற்றத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, வண்டியை அதில் படுக்கப்போட்டுப் பழகினேன். கியரில் போட்டு, ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில், மறுகையில் பின் கேரியர். காலால் உந்திப் பின்னால் நடக்க வேண்டும், இடுப்பால் இழுக்கக் கூடாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். "கிழவனுக்குப் பொம்மை வண்டி" என்றாள் வீட்டுக்காரி. ஆனால் நாலாவது தடவை தனியாக நிமிர்த்திவிட்டேன். அதன்பிறகு இரண்டு முறை உண்மையிலேயே விழுந்திருக்கிறேன், இரண்டும் நாகமலை அடிவாரத்து மணலில். யாரையும் கூப்பிடவில்லை.

இழந்தது இழுவை. ஹிமாலயனின் 32 நியூட்டன் மீட்டருக்குப் பதில் இங்கே 17.35தான். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும்போது 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்பெயர். முன்பு இரண்டாவது கியரில் சோம்பலாக ஏறிய வளைவுகளில் இப்போது முதல் கியருக்கு வர வேண்டியிருக்கிறது. திருச்சி நாலுவழியில் என் வேகம் 75, 80. ஆம்னி பஸ் கடக்கும்போது காற்று கொஞ்சம் தள்ளும். 200 சிசியில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீண்ட நெடுஞ்சாலைப் பயணம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் எடையைச் சகித்துக்கொண்டு பெரிய வண்டியே வைத்திருங்கள். மைலேஜ் எனக்கு 38லிருந்து 41 வரை.

ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். உசிலம்பட்டிப் பக்கம் போனால் சீமைக்கருவேல முள் சும்மா விடாது. இதுவரை ஆறு பஞ்சர். முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் சாலையோரக் கடைகளில் அந்த ட்யூப் கிடைப்பது அரிது. ஒரு 21 ட்யூப் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்குப் பின்னால் உள்ள 18 அங்குலச் சக்கரத்திலும் அதையே மடக்கித் திணித்து ஊர் வந்து சேரலாம். ஆனால் 18 ட்யூப் முன்னால் போகாது.

சர்வீஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒரு முறை நானே எண்ணெய் போடுகிறேன்.

வீட்டுக்காரி மட்டும் இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறாள். ஒருமுறை அழகர்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். சேலையோடு ஏறுவதற்குக் காம்பவுண்டுத் திட்டு தேவைப்பட்டது, இறங்குவதற்கு அங்கே திட்டு இல்லை. இப்போது கோயில் குளத்துக்கெல்லாம் அவளுடைய ஸ்கூட்டரில்தான் போகிறோம், அவள் ஓட்ட, நான் பின்னால்.