கேட்டனா பர்கண்டியா: டைஸ் காலை வாரினா எதுல தப்பிக்கலாம்?

டைஸ் கேம்ல லக்கு எவ்வளவு, மூளை எவ்வளவுன்னு பேச்சு ஆரம்பிச்சா சீக்கிரமே இந்த ரெண்டு போர்டு கேமுக்கு வந்துடும், கேட்டன், அப்புறம் காசில்ஸ் ஆஃப் பர்கண்டி. ரெண்டுல ஒண்ணுதான் வாங்குறதுன்னு வீட்ல ஒப்பந்தம், நான் வாங்கினது பர்கண்டி. கேட்டன் ஃப்ரெண்டு வீட்ல இருக்கு, அங்க உக்காந்து நிறைய ஆடியாச்சு. நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீங்க, நான் பர்கண்டி கட்சி.

தெரிஞ்ச விஷயத்தை வேகமா முடிச்சிடறேன். கேட்டன் 1995ல வந்தது, கிளாவுஸ் டாய்பர் டிசைன், அந்த வருஷத்தோட ஸ்பீல் டெஸ் யாரெஸ் (ஜெர்மனியோட 'வருஷத்தின் சிறந்த கேம்') விருதும் அதுக்குத்தான். பர்கண்டி 2011, ஸ்டெஃபான் ஃபெல்ட். கேட்டன் பாக்ஸ்ல 3 இல்ல 4 பேர் ஆடணும், பர்கண்டி 2 பேர்லயே ஓடும். சொல்லிக்கொடுக்க கேட்டன்தான் ஈஸி, பார்க்க அழகும் அதுதான்.

இப்ப மேட்டருக்கு வரேன். டைஸ் உருட்டுறது நீங்க முடிவெடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? கேட்டன்ல முதல்ல வீட்டை வெச்சிடணும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நம்பர், ரெண்டு டைஸ் கூட்டி அந்த நம்பர் வந்தா அந்த நிலத்து மூலையில வீடு வெச்சவங்களுக்கு சரக்குக் கார்டு கிடைக்கும். நல்லா கணக்குப் போட்டு 6, 9, 5 மூணும் தொடுற மூலையில வெக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு டைஸுக்கு மொத்தம் 36 வகையில அது மூணும் சேர்ந்து 13 வகை, இதைவிட பெருசா ஒண்ணும் பண்ணிட முடியாது. அப்படி வெச்சும் தொடர்ந்து 5 உருட்டுல ஒண்ணுமே வராம போக கிட்டத்தட்ட 10.6 சதவீதம் வாய்ப்பு இருக்கு. வெறும் 6ஐ மட்டும் நம்பி இருந்தா 10 உருட்டுக்கும் அது வராம போக 22 சதவீதம். இது அபூர்வமெல்லாம் இல்ல, ஒரு சாயந்திரம் உக்காந்தா யாராவது ஒருத்தருக்கு நடந்துடும், அவர் 2, 12ல வெச்சவனுக்கு கார்டு போறதைப் பார்த்துக்கிட்டே டீ குடிப்பார். கையில கார்டு இல்லைன்னா பேரம் பேசவும் வழியில்ல, கட்டவும் வழியில்ல. சரி, கார்டு சேர்த்து வெச்சா? 7 விழுந்தா 7 கார்டுக்கு மேல வெச்சிருக்கறவங்க பாதியை கீழ போடணும், அந்த 7தான் எல்லா நம்பரையும்விட அதிகமா வரும், ஆறு உருட்டுக்கு ஒண்ணு.

பர்கண்டில உங்க டர்ன்ல முதல்லயே உங்க ரெண்டு டைஸும் உருட்டி முன்னாடி கிடக்கும், அதை வெச்சு என்ன செய்யலாம்னு அப்புறம் யோசிக்கறீங்க. அந்த நம்பர் டிப்போல (நடு போர்டுல டைல் அடுக்கி வெச்ச இடம்) இருந்து ஒரு டைல் எடுக்கலாம், எடுத்து வெச்ச டைலை உங்க போர்டுல அதே நம்பர் இடத்துல பதிக்கலாம், அந்த நம்பர் சரக்கை விக்கலாம். இது எதுவுமே ஒத்து வரலையா, எந்த நம்பரா இருந்தாலும் அந்த டைஸைக் கொடுத்துட்டு ரெண்டு தொழிலாளி டைல் வாங்கிக்கலாம். ஒரு தொழிலாளியைக் கொடுத்தா டைஸை ஒண்ணு ஏத்தலாம் இல்ல இறக்கலாம், 6ல இருந்து நேரா 1க்கும் போகலாம். ஆக உங்களுக்கு வேணும்ங்கற நம்பர்ல இருந்து எந்த டைஸும் 3 படிக்கு மேல தள்ளி இருக்காது, சராசரி பார்த்தா ஒன்றரை படி. கெட்ட உருட்டுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலை முன்கூட்டியே தெரியும், கட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்க. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும் காசு கொடுக்க.

உருட்டிட்டு முடிவெடுத்தா மட்டும் போதுமான்னா, போதாது. நம்ம தாயத்தையே பாருங்க. போட்டதுக்கு அப்புறம்தான் எந்தக் காயை நகர்த்தறது, எதை வெட்டறதுன்னு யோசிக்கறோம், நடுவுல நாலு காய் ஓடும்போது நல்ல மூளை வேலைதான். ஆனா காய் இறங்க தாயம் விழணும், 1, 2, 3, வெறுமைன்னு இருக்கற ரெண்டு கட்டைல அது 16க்கு 2தான். அது விழற வரைக்கும் நீங்க போடுற மூணும் நாலும் குப்பை, சின்ன பசங்க அழுறதே அங்கதான். வேண்டாத உருட்டுக்கும் ஒரு வேலை கொடுக்கணும், பர்கண்டி அதைச் செய்யுது.

கேட்டன் ஆளுங்க கோவப்படுவீங்க, நியாயம் இருக்கு. அங்க நிஜ ஆட்டம் பேரத்துல இருக்கு, செங்கல் கொடு ஆடு தரேன்னு கத்தறதுல இருக்கு, முன்னாடி போறவன் நிலத்துல திருடன் காயை உக்கார வெச்சு டேபிளே அவனை இழுத்துப் பிடிக்கும், அதுவும் லக்கைச் சரி பண்ற ஒரு வழிதான். டைஸ் மேல ரொம்ப கடுப்புன்னா 36 சீட்டுல நம்பரை எழுதிக்கோங்க (7 ஆறு சீட்டு, 6ம் 8ம் அஞ்சஞ்சு, 2ம் 12ம் ஒவ்வொண்ணு, இந்த கணக்குல), கலைச்சு டைஸுக்கு பதிலா எடுத்துப் பாருங்க, ஓரளவு சமமாகும். கேட்டனுக்கே அப்படி கார்டு கட்டு வந்திருக்கு. நாங்க அதையும் ஆடிப் பார்த்தோம், ஆனா கடைசி சில சீட்டை எண்ணிக்கிட்டே ஆடுற ஒரு ஆள் டேபிள்ல இருந்தா போச்சு.

பர்கண்டிலயும் லக்கு ஒழிஞ்சிடலை. டிப்போல எந்த டைல் வரும்ங்கறது குருட்டாம்போக்குதான், மாடு வேணும்னு மூணு ரவுண்டு காத்திருந்து ஆடா வந்து நிக்கும். பழைய பதிப்போட வெளிர் பச்சையும் கரும்பச்சையும் ராத்திரி வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியும், மஞ்சள் டைல் ஒவ்வொண்ணுக்கும் ரூல் புக் புரட்டணும், அஞ்சு ரவுண்டுக்கு ஒரு தடவை புதுசா டைல் அடுக்கி வெக்கறதுக்குள்ள பாதி பேர் மொபைலுக்குப் போயிடுவாங்க. நாங்க பெரும்பாலும் ரெண்டு பேர்தான் ஆடறோம், அதுல ஜோரா ஓடுது. நாலு பேரோட ரொம்ப கொஞ்சம்தான் ஆடியிருக்கேன், காத்திருக்கற நேரம் ஜாஸ்தியா பட்டுச்சு, ஆனா அது கேமோட குணமா இல்ல எங்க ஆளுங்க யோசிக்கற வேகமான்னு அடிச்சு சொல்ல மாட்டேன். பத்து வயசுக்கு கீழ இருக்கற பசங்களோட ஆடினதே இல்ல.

வாரா வாரம் ஆள் சேரும், சத்தம் வேணும்னா கேட்டன் வாங்குங்க. ரெண்டு பேர், 5 ரவுண்டு வீதம் 5 கட்டம், மொத்தம் 25 ரவுண்டு நிதானமா உக்காரத் தயார்னா பர்கண்டி. முதல் ஆட்டத்துக்கு மட்டும் எல்லாரும் 1ம் நம்பர் போர்டு எடுங்க, ஆளுக்கு ஒரு வேற வேற போர்டு வெச்சா யார் எதுக்குத் தோத்தாங்கன்னே புரியாது.