பெரிசும் சிறிசும் அலமாரி: அவினாசியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை

அவினாசி கோயில் தேர் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. இருந்த தகரப் பலகை ஒரு மழையில் விழுந்துவிட்டது, மறுபடி மாட்டவில்லை. மாவு மில்லில் "புத்தகக்கார ஐயா கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஆறு மாதமாக வாரம் ஒரு தடவையாவது போய் வருகிறேன். 31 புத்தகம் எடுத்திருக்கிறேன், அதில் ஐந்தைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு பழகிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போனது புத்தகத்துக்காக இல்லை, ராகி அரைக்க. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட் போட்டு இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர் என்று நாலு தையல் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் பண்ணுகிறோம், அதாவது வெட்டின துணியை வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். குழந்தைகள் டீ ஷர்ட்தான் அதிகம். 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்று ஆனதும், எங்களுக்குப் பீஸ் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஆர்டர் நின்றது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்த வண்டி புதுக் கட்டு எதையும் இறக்கவில்லை. தைக்காமல் கிடந்த துணியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் டைலராக இருந்த 19 வயசுப் பையனுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். ஒன்பது வருஷமாகக் கைமடியாக, அதாவது டைலருக்குக் கை உதவியாக இருக்கும் அக்காவுக்கு வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் வர வேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் காலை எட்டரைக்கு வந்து, ஓடாத மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வீட்டில் பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராகக் குறைந்தது.

அப்படி ஒரு நாள் மில்லில் கூட்டம். ராகிப் பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்காகக் கடைக்குள் போனேன். "உக்காருங்க அம்மிணி, மாவு அரைச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு அத்தியாயம் படிச்சர்லாம்" என்றார் ஐயா. கடையில் இருப்பதே ஒரு நாற்காலிதான், அதிலிருந்து அவர் எழுந்து நின்றுகொண்டார்.

ஐயாவுக்கு 73 வயசு. அந்தக் காலத்தில் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, இடவலம் மாறித் தெரியும் வரியைச் சரளமாகப் படிக்கிற வேலை. தொண்ணூறுகளில் ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து அந்த வேலை போயிற்று. அப்போது அவருக்கு நாற்பது வயசுக்கு மேல், இரண்டு பிள்ளைகள். வீட்டில் இருந்த புத்தகங்களையும் மாத நாவல்களையும் வாடகைக்கு விட ஆரம்பித்ததுதான் இந்தக் கடை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலையில்லாமல் வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பல மாதம் வாடகையே வாங்கவில்லையாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மில்காரர் சொன்னார்.

கடையில் இன்னொரு ஆள் உண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து வந்து இங்கே நூல் மில்லில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் பேசுவது ஒடியா, பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம். 2020 ஊரடங்கில் பள்ளி மூடியபோது அவள் நாலாம் வகுப்பு. பாடமெல்லாம் போனில் வந்தது, வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவிடம். மில் லைன் வீட்டில் பகலெல்லாம் அடைந்து கிடக்க முடியாமல் இந்தக் கடைப் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடையும் பாதி ஷட்டர்தான் திறந்திருந்த காலம். ஐயா டப்பாவில் மிச்சமிருந்த ஈய எழுத்துகளை எடுத்துப் படியில் பரப்பியிருக்கிறார். ல, ள, ழ மூன்றையும் அவள் விரலால் தடவித் தடவித்தான் பிரித்துப் படித்தாளாம். அந்த "ழ" இப்போதும் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எனக்கு எடுத்துக் காட்டினாள். சுண்டு விரல் நகம் அளவுதான், விளிம்பு தேய்ந்து மினுமினுக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் படிக்கிறாள். ஐயாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை என்பதால் நோட்டில் வரவு செலவு எழுதிக் கொடுக்கிறாள். அவர் "சாமி" என்று கூப்பிடுகிறார். அவள் "தாத்தா, நீங்க சும்மா இருங்க" என்று அதட்டுகிறாள்.

இந்தக் கடையில் மட்டும் கிடைப்பது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது உள் அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டுதான். மேலே ஐயா மை பேனாவில் ஒரு வரி, கீழே அவள் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஒரு வரி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். நான் முதலில் எடுத்த நாவலின் சீட்டில் ஐயா "கூழுக்கு உப்பில்லாத நாளைச் சரியாக எழுதியிருக்கிறார்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே, "இந்தத் தாத்தா கடைசியில் சாகவில்லை. அதனால் பிடித்தது." அன்றைக்கு அந்தப் பச்சை வரியை நம்பித்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வாசலை ஒட்டிய அலமாரியில் "பெரிசும் சிறிசும்" என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். கஷ்ட காலத்தில் ஒரு வயசானவரும் ஒரு சின்ன ஆளும் சேர்ந்துகொள்கிற கதைகள் மட்டும் அதில். பஞ்சம், யுத்தம், ஊரடங்கு, வேலை போனது என்று காரணம் எதுவானாலும் சரி, அந்த இரண்டு பேரும் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. நாவல், சிறுகதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து எண்பதுக்குக் கிட்ட இருக்கும். நான் எடுத்த 31-ல் 22 இந்த அலமாரியிலிருந்துதான்.

இந்த மாதிரிக் கதைகளில் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் பாதியில் வைத்தவற்றின் கடைசியைப் புரட்டிப் பார்த்தேன், மூன்றுக்கு ஒரே குறை. பெரியவர் வாய் திறந்தால் புத்திமதி, கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறார், அதைப் பார்த்து இளசு திருந்துகிறது. அந்தப் பெரியவருக்குப் பசியோ கோபமோ இல்லை, ஒரு இனிப்பு சாப்பிட வேண்டும் என்கிற ஆசைகூட இல்லை. இன்னும் இரண்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு போன் வருகிறது, வேலை கிடைத்துவிடுகிறது. வேலையில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன். மனசில் நின்ற கதைகளில் காசுக் கணக்கு இருக்கும். யார் சமைத்தார்கள், யார் பாத்திரம் கழுவினார்கள் என்பது இருக்கும். சின்னவர் பெரியவருக்கு ஏதாவது கற்றுக் கொடுப்பார், பெரியவர் அதற்கு முதலில் முறைப்பார்.

இதை ஐயாவிடம் சொன்னபோது, "இந்த ஊர்க் கதைய நெனச்சுப் பாருங்க அம்மிணி" என்றார். அவினாசிக்காரர்களுக்குத் தெரியும். தாமரைக் குளத்தில் முதலை விழுங்கிய பையனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. அவர் அந்தத் தெருவில் வரும்போது ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை. இரண்டு பையன்களும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள், ஒருவன் மட்டும்தான் திரும்பி வந்தான். இதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். ஐயா சொன்ன ஒன்றைத்தான் கவனித்ததில்லை. முதலை கொண்டுவந்து விட்ட பையன் போனபோது இருந்த வயசில் வரவில்லை, இடையில் போன வருஷங்களுக்கான வளர்த்தியோடு வந்தான். "போன வருசம் போனதுதானுங்க. அது நடக்கவே இல்லைங்கற மாதிரி எழுதற கதைய நான் இந்த அலமாரில வெக்கறதில்ல." அவர் வைத்திருப்பதில் இந்த அளவுகோலுக்கு ஒத்துவராத இரண்டு மூன்று எனக்குத் தெரிந்தே இருக்கிறது. சொன்னேன். உடனே ஒன்றை எடுத்து உள் அலமாரிக்கு மாற்றினார்.

எடுத்துப் போன புத்தகங்களை வீட்டில் நான் மட்டும் படிக்கவில்லை. கைமடி அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. மிஷின் சத்தம் இல்லாத ஷெட்டில், ஏழாவது படிக்கும் என் பையன் சாயங்காலத்தில் அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். முதலில் நான் சொன்னதால். பிறகு, மிச்சம் என்ன ஆச்சு என்று அக்கா கேட்டுக் கேட்டு. ஒரு நாவலில் ஒரு கிழவி பையனுக்கு ராகிக் களி கிண்டிப் போடுகிற இடம் வருகிறது. மாவைப் போட்டவுடன் கிண்டினாள் என்று எழுதியிருக்கிறது. அக்கா அங்கேயே நிறுத்தச் சொன்னார். "கொதிக்கற தண்ணில மாவக் கொட்டி, நடுவுல துடுப்புல குத்தி உட்டு, மூடி வேக உடோணும் கண்ணு. அதுக்கப்பறந்தான் கிண்டோணும். இல்லாட்டிக் கட்டி தட்டிப் போயிரும்." என் பையன் அடுத்த நாள் அவரிடம் கேட்டுத் துடுப்பைப் பிடித்து அவனே கிண்டினான். கட்டி தட்டவில்லை. நான் இதைக் கடையில் சொன்னதும், அந்தப் புத்தகத்தின் சீட்டில் பச்சைப் பேனாவில் ஒரு வரி சேர்ந்தது: "98-ம் பக்கத்தில் களி தப்பு."

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். படி மூன்றும் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. முழங்கால் வலி இருக்கிறவர்கள் வாசலிலிருந்தே கேட்டால் எடுத்துத் தருவார்கள். தூசி அதிகம், வீசிங் இருப்பவர்கள் முகத்தை மூடிக்கொண்டு போங்கள். டிசம்பரில் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கடை மூடிக் கிடந்தது, வாசலில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. நான் மூன்று தடவை வந்து திரும்பினேன், வருத்தமாக இருந்தது. புதுப் புத்தகம் குறைவு. மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஆகஸ்டில் போய் வாங்கி வருவதுதான் வருஷத்துக்கு ஒரு தடவை சேரும் புதுச் சரக்கு.

பக்கம் போன புத்தகங்களும் உண்டு. ஒரு நாவலில் 176-க்கு அப்புறம் நேராக 193. சண்டை போடுகிற கோபத்தோடு போனேன். ஐயா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஒரு பாரம் முழுசா உட்டுப் போச்சுங்க, பதினாறு பக்கம்" என்று பைண்டர் செய்த தப்பை விளக்கினார். பிறகு அந்தப் பதினாறு பக்கக் கதையை நின்றபடியே சொன்னார். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் அந்தப் பெண், "இல்ல தாத்தா, அவன் அந்தச் சைக்கிளை விக்கல, அடகுதான் வெச்சான்" என்று திருத்தினாள். இரண்டு பேரும் அந்த நாவலை வேறு பிரதியில் எப்போதோ படித்திருக்கிறார்கள். வாடகையைத் திருப்பிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை.

வாடகை விவரம்: புத்தக விலையில் பத்து சதவீதம், 15 நாள். பழைய மாத நாவலுக்கு ஐந்து ரூபாய். தாமதமானால் நாளுக்கு ஒரு ரூபாய். அட்வான்ஸ் 200, ஆனால் என்னிடம் செப்டம்பரில் கேட்கவில்லை. ஜனவரியில் கொஞ்சம் பீஸ் வர ஆரம்பித்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டில் அவள் அன்றைய தேதி போடாமல் செப்டம்பர் தேதி போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "தாத்தா அப்படித்தான் எழுதச் சொல்லுவாரு" என்றாள்.

அரசு நூலகத்திலும் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள். நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது, அதை விட்டுவிடக் கூடாது. அங்கே பெரிய பெரிய நூல்கள் இருக்கின்றன, நாளிதழ் எல்லாம் வருகிறது. எந்தக் கதையை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிற நாளில் மட்டும் இந்தச் சந்துக்கு வாருங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கும், எட்டரை வரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உண்டு. இப்போது அவளுக்குப் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு நெருங்குகிறது. முடிகிற வரைக்கும் கடைப் பக்கமே வரக் கூடாது என்று ஐயா கறாராகச் சொல்லிவிட்டார். நோட்டை இப்போதைக்கு மில்காரர் மகன் எழுதுகிறான். புதிதாக ஒட்டிய சீட்டுகளில் ஐயாவின் வரி மட்டும்தான் இருக்கிறது. அதன் கீழே பாதிச் சீட்டைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.