விமான தூரம் காட்டும் தளங்கள்: கிலோமீட்டர் சரி, மணிக்கணக்கு?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் தளங்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்தால் போதுமா என்று நண்பர் கேட்டதால் இந்தப் பதிவு.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் கிரேட் சர்க்கிள் தூரம், அதாவது பூமியின் வளைந்த பரப்பின் மேல் மிகக் குறுகிய தூரம், வந்துவிடும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொள்ளும் கணக்குக்கும், துருவங்களில் சற்றே தட்டையான உண்மை வடிவத்தை வைத்துப் போடும் கணக்குக்கும் அதிகபட்சம் சுமார் அரை சதவீதம்தான் வித்தியாசம் வரும். ஊர்ப் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். டோக்கியோ என்றால் நரிட்டாவும் உண்டு, ஹனேடாவும் உண்டு. மைலில் காட்டினால் எந்த மைல் என்று பாருங்கள்: நாட்டிகல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609.

என் கோபமெல்லாம் நேரத்தின் மேல்தான். வேகம் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து, தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுவது போன்ற ஒரே சூத்திரம்தான் எல்லாத் தடத்துக்கும். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 5,540 கி.மீ. இந்தச் சூத்திரப்படி 7 மணி 1 நிமிடம். போக, வர இரண்டுக்கும் அதேதான். அட்டவணையிலோ மேற்கே போக ஏறக்குறைய 8 மணி, கிழக்கே திரும்ப 7. காரணம், விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் இந்தத் தூரம் 5 மணி 32 நிமிடம். எதிர்த்து வீசினால் 6 மணி 55. போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்பதும் தவறு. காற்றே இல்லாத நாளைவிட மொத்தத்தில் 9 நிமிடம் கூடத்தான் ஆகும்.

இதைவிட மோசம் ஹெல்சின்கி–டோக்கியோ. சுமார் 7,800 கி.மீ., சூத்திரப்படி 9 மணி 41 நிமிடம். 2022இல் ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதிலிருந்து சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, சுமார் 13 மணி! கிரேட் சர்க்கிளுக்கு இதெல்லாம் தெரியாது.

குறுகிய தடத்திலும் இடிக்கும். 300 கி.மீ.க்கு 51 நிமிடம் என்று வரும். ஆனால் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (knot, மணிக்குச் சுமார் 463 கி.மீ.) தான் வேக வரம்பு. ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கும் விமானம் 850ஐ எப்போது தொடும்? ஓடுபாதைவரை ஊர்ந்து போகும் நேரம் வேறு.

சரியான நேரம் வேண்டுமா? அட்டவணையில் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். இரண்டையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழியுங்கள். அதுதான் கேட்டிலிருந்து கேட்வரை ஆகும் பிளாக் டைம். தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் அதில் கொஞ்சம் கூட்டியே வைக்கும். அதனால் விமான எண்ணைக் கண்காணிப்புத் தளத்தில் தேடி, கடந்த இரண்டு வார ஓட்டங்களையும் பாருங்கள்.

தூரத்தை இவ்வளவு துல்லியமாகத் தந்தும் பயணத் திட்டத்துக்கு இந்தத் தளங்களைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு விமானங்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுப்பவர் அந்த 7 மணி 1 நிமிடத்தை நம்பினால் அடுத்த விமானம் போய்விடும். திசையைக்கூடப் பார்க்காத நேரத்தைத் திரையில் காட்டாமலே இருந்திருக்கலாம்.